முத்தையன்கட்டிலிருந்து வந்த கணினி

ஜெயரூபியிடம் கொடுத்த கணினிக்குள் என்ன இருக்கிறது என்று அவள் எட்டியும் பார்க்கமாட்டாள் என்பது மாங்குளம் சுற்றுவட்டாரம் முழுக்கத் தெரிந்த சங்கதி. சந்தியிலிருந்து முல்லைத்தீவு வீதியில் திரும்பினால், உரக்கடைக்கும் போட்டோக்கொப்பிக் கடைக்கும் நடுவே எட்டடி அகலத்தில் அவளுடைய கடை. பெயர்ப்பலகை வெயிலில் வெளிறிப்போய் தொலைபேசி இலக்கம் மட்டும் மிச்சமாக நிற்கிறது. அதனால் ஒன்றும் குறைந்துபோகவில்லை. வேறொரு ஊரில் திருத்தக் கொடுத்த கணினியிலிருந்து ஒரு பெட்டையின் படங்கள் கைமாறிக் கைமாறிப் போன கதை எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அதற்குப் பிறகு ஒலுமட்டிலிருந்தும் புளியங்குளத்திலிருந்தும்கூட ஆட்கள் மடிக்கணினியைக் கட்டிக்கொண்டு இவளிடம் வரத் தொடங்கினார்கள்.

அந்தக் குணம் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. இரண்டாயிரத்து ஒன்பதில், சண்டையின் கடைசி நாட்களில், இருபது வயதில், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்த சனத்தில் அவளும் ஒருத்தி. சோதனை செய்யும் இடத்தில் அவளுடைய பையை வெறும் நிலத்தில் கவிழ்த்தார்கள். அத்தனை பேர் பார்த்து நிற்க, அவளுடைய உடுப்புகளை ஒருவன் தடியால் ஒவ்வொன்றாகக் கிளறினான். அந்த இடத்திலேயே அவள் மனதுக்குள் ஒரு சத்தியம் செய்தாள் என்று எழுதினால் கதைக்கு நன்றாகத்தான் இருக்கும். அப்படி ஒன்றும் செய்யவில்லை. குடிக்கத் தண்ணீர் எங்கே கிடைக்கும் என்றுதான் அப்போது யோசித்தாள். பல வருடம் கழித்து, முதன்முதலாக ஒருவருடைய கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தபோதுதான் அந்தத் தடி ஞாபகம் வந்தது. அன்றைக்கே கோப்புகளைப் பார்க்காமல் திரையை மாற்றினாள். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. உள்ளே ஏதும் வைத்திருக்கிறீர்களா என்று ஒருமுறை கேட்பாள். இருக்கிறது என்றால் எடுத்து வைத்துக் கொடுப்பாள். இல்லை என்றால் இல்லைதான். மறுபடி கேட்பதும் ஒரு வகையில் கிளறுவதுதான் என்பது அவளுடைய எண்ணம்.

அகதி முகாமிலிருந்து வெளியே வந்தபிறகு வவுனியாவில் ஆறு மாதம் கணினி திருத்தப் படித்தாள். வன்னிக்கு அந்த நாளில் வந்த கணினிகள் எல்லாம் வெளிநாட்டுக்காரர் பாவித்துச் சலித்து, தானம் என்ற பெயரில் தலையில் கட்டிய கிழடுகள். புதிய விண்டோஸைப் போட்டால் மூச்சு வாங்கும். லினக்ஸ் என்றால் எழும்பி நடக்கும், காசும் இல்லை. அதைப் பிடித்துக்கொண்டாள். லினக்ஸில் மென்பொருள் பொதி பொதியாக வரும். ஒரு பொதியைப் போடென்றால் அது தனக்கு வேண்டிய இன்னும் ஆறு பொதியைக் கேட்கும். கலியாணத்துக்கு ஒரு மாமியாருக்குச் சொன்னால் அவாவின் அக்கா தங்கச்சிமாருக்கும் சொல்லத்தான் வேண்டும் என்பதுபோல. இணையம் உள்ள இடத்தில் அந்த ஆறும் தானாக வந்து சேரும். மாங்குளத்தில் அந்த நாளில் அப்படி வராது. ஆகவே மாதம் ஒருமுறை வவுனியாவுக்குப் போய், நாஸிம் நானாவின் போன் கடையில் உட்கார்ந்து, கண்ணில் பட்ட பொதியையெல்லாம் சுற்றத்தோடு இறக்கி ஒரு கறுப்பு ஹாட் டிஸ்க்கில் அடுக்கிக்கொண்டு வருவாள். மாங்குளத்துக்கு நல்ல இணையம் வந்தபிறகும் இந்தப் பழக்கம் போகவில்லை.

"இப்பதான் எல்லாம் போனிலயே இறக்கலாமே. இன்னும் ஏன் மூட்டை கட்டுறீங்க?" என்று நாஸிம் கேட்பார். தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, அவருடைய குடும்பம் முல்லைத்தீவிலிருந்து வெறுங்கையோடு வெளிக்கிட்டது. ஆகவே பதிலும் அவருக்குத் தெரியும்.

"நாளைக்கு இருக்கும் எண்டு ஆர் சொன்னது, நானா?" என்பாள் அவள்.

போன வருடம் ஐப்பசி முடிகிற நேரம், முத்தையன்கட்டிலிருந்து ஒரு அம்மாவும் மகளும் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். அம்மா இராசேஸ்வரிக்கு ஐம்பத்தெட்டு வயது இருக்கும். கணினிப் பெட்டியை உரப்பைக்குள் போட்டு, மழை படாமல் சேலைத் தலைப்பால் மூடி, பிள்ளையைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு வந்தாள். மகள் யதுர்ஷிகாவின் கையில் வயர்களும் விசைப்பலகையும். பதினேழு வயது, பள்ளிக்கூடச் சீருடை, ஒரு இடத்தில் நிற்கமாட்டாத கால். வந்ததும் வராததுமாகப் பழைய வினாத்தாள் கொப்பி எடுக்கவேண்டும் என்று பக்கத்துக் கடைக்குள் பாய்ந்துவிட்டாள்.

"இது எங்கட அவரின்ரை கொம்பியூட்டர், பிள்ளை," என்றாள் இராசேஸ்வரி. "அவர் மோசம் போய் ஒரு வரியமாகுது. அதுக்குப் பிறகு இதுவும் வேலை செய்யேல்லை. இவள் ஏ.எல்லுக்கு ஐ.சி.ரி. எண்ட கொம்பியூட்டர் பாடம் எடுத்திருக்கிறாள். வீட்டிலை போட்டுப் பழக ஒண்டு வேணுமாம்."

"இருங்கோ அம்மா, பாப்பம்."

அவளுடைய புருசன் கதிர்காமநாதன் கூட்டுறவுச் சங்கக்கடையில் மனேச்சராக இருந்தவர். அதனால் வயர்களைக்கூட நூலால் சுற்றி ஒழுங்காகக் கட்டியிருந்தார். ஜெயரூபி பெட்டியைத் திறந்து, தூசு தட்டி, பல்லி முட்டை இரண்டை எடுத்தெறிந்து, மின்சாரம் கொடுத்தாள். கறுப்புத் திரையில் நாலு வெள்ளை வரி வந்து அப்படியே நின்றது. ஹாட் டிஸ்க்குக்கு ஒன்றும் இல்லை. விண்டோஸ்தான் உடைந்துபோயிருந்தது.

"பழசு சரிவராது அம்மா. எல்லாத்தையும் புதுசாப் போட்டுத் தாறன். உள்ளுக்கை ஏதும் வச்சிருக்கிறியளோ? படம், கடிதம், அப்பிடி ஏதும்?"

"ஒண்டுமில்லைப் பிள்ளை."

கேள்வி முடியுமுன்னமே பதில் வந்துவிட்டது. ஜெயரூபி அதைக் கவனித்தாள். கவனித்தும் மறுபடி கேட்கவில்லை. லினக்ஸ் இருந்த பென் டிரைவைச் செருகினாள். ஹாட் டிஸ்க்கை முழுதாக அழித்துவிட்டு நிறுவவா என்று கணினி கேட்டது. ஓம் என்று அழுத்தினாள்.

அன்றைக்கு அவளுக்கு நல்ல மனநிலை. யதுர்ஷிகா திரும்பி வந்து கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க, கறுப்பு டிஸ்க்கிலிருந்து எடுத்து எடுத்துப் போட்டாள். பாடத்துக்கு வேண்டிய பைத்தன் நிரல்மொழி போட்டாள். தமிழ் தட்டச்சு, அகராதி, வானத்து நட்சத்திரம் காட்டும் மென்பொருள் எல்லாம் போட்டாள். இணையம் இல்லாமலே வாசிக்கக்கூடிய கலைக்களஞ்சியம் ஒன்று இருக்கிறது, படங்களோடு, என்று சொன்னதும் பெட்டையின் கண் விரிந்தது. முத்தையன்கட்டில் அவர்கள் வீட்டில் சிக்னல் வேண்டுமென்றால் வாய்க்கால் கட்டில் ஏறி நிற்கவேண்டும். அந்தக் கலைக்களஞ்சியம் ஒன்றே ஹாட் டிஸ்க்கில் பாதிக்கு மேல் விழுங்கும். கேட்டவள் சும்மா கேட்கவில்லை, ஆசையோடு கேட்டாள். ஜெயரூபி அதையும் போட்டுக் கொடுத்தாள். எல்லாம் முடிய மூன்று மணித்தியாலம் ஆனது. இராசேஸ்வரி கடைவாசலில் மர வாங்கில் இருந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை பொருளை ஒருவருக்கு அள்ளிக் கொடுத்த திருப்தி அன்றைக்கு முழுக்க ஜெயரூபிக்கு இருந்தது.

ஐந்தாம் நாள் இருவரும் திரும்பி வந்தார்கள். அதே உரப்பை, அதே பெட்டி.

"என்னம்மா, வேலை செய்யேல்லையோ?"

"சோக்கா வேலை செய்யுது பிள்ளை. இவள் அதை விட்டு எழும்புறாளில்லை." இராசேஸ்வரி பெட்டியை மேசையில் வைத்தாள். "தர்மிளாவைத்தான் காணேல்லை."

"தர்மிளா ஆர், அம்மா?"

"என்ரை மூத்தவள்."

யதுர்ஷிகா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு அதற்குள் விளங்கிவிட்டது. அம்மாவுக்கு எப்படிச் சொல்வதென்று தெரியாமல்தான் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாள்.

இரண்டாயிரத்து ஒன்பதில் தர்மிளாவுக்குப் பத்தொன்பது வயது. கடைசிச் சண்டையில், மாத்தளனுக்கும் முள்ளிவாய்க்காலுக்கும் நடுவில் எங்கேயோ, தண்ணீர் எடுத்துவரப் போனவள் வரவில்லை. செத்ததைக் கண்டவர் இல்லை. பஸ்ஸில் ஏற்றியதைக் கண்டேன் என்று ஒருவர் சொன்னார், பிறகு அவரும் தெரியாது என்றார். வீட்டிலிருந்த படங்கள் எல்லாம் இடம்பெயர்ந்து ஓடிய ஓட்டத்தில், தறப்பாளோடும் சட்டிபானையோடும் போய்விட்டன. நாலு வருடம் கழித்து, கனடாவில் இருந்த ஒரு சொந்தக்காரர் ஊரில் நடந்த தங்கள் பழைய கலியாண வீடியோவை சிடியில் அனுப்பினார். அதில் பதினொரு செக்கன் தர்மிளா வந்தாள். தட்டத்தில் பூ ஏந்திக்கொண்டு போகிறாள், யாரோ கூப்பிடத் திரும்பிச் சிரிக்கிறாள், அவ்வளவுதான். கதிர்காமநாதன் அந்தப் பதினொரு செக்கனை மட்டும் வெட்டி எடுத்தார். அதிலிருந்து மூன்று படமும் எடுத்து வைத்தார். சிடி வெக்கையில் பழுதாகிப் போனது. கனடாக்காரரிடம் மறுபடி கேட்டார்கள். அந்தச் சோடி அதற்குள் பிரிந்து, கோபத்தில் கலியாணப் பட அல்பத்தையும் கசெற்றையும் குப்பையில் போட்டிருந்தது. கலியாணம் அவர்களுடையது, என்னவும் செய்யலாம்தான்.

"பின்னேரத்திலை அவர் போட்டுக் காட்டுவார்," என்றாள் இராசேஸ்வரி. "எனக்கு எங்கை அமத்திறதெண்டு தெரியாது. பெட்டிக்குள்ளைதான் இருந்தவள். ஒருக்கா எடுத்துக் காட்டு பிள்ளை."

ஜெயரூபி பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அம்மா, நான் அதிலை இருந்த எல்லாத்தையும் அழிச்சுப்போட்டுத்தான் இதைப் போட்டனான்."

"நீ போட்டனீதானே, பிள்ளை. எடுக்கேல்லையே."

"அழிச்சுப்போட்டுத்தான் போடவேணும். அதுதான் அண்டைக்குக் கேட்டனான், உள்ளுக்கை ஏதும் இருக்கோ எண்டு. ஒண்டுமில்லை எண்டு சொன்னனீங்கள்."

"ஓம், கேட்டனீ." இராசேஸ்வரி தலையாட்டினாள். அவளுடைய குரலில் கோபம் இல்லை, குழப்பம்தான் இருந்தது. "உள்ளுக்கை என்ன வச்சிருக்கிறாய் எண்டு ஆர் கேட்டாலும் ஒண்டுமில்லை எண்டுதான் சொல்லிப் பழக்கம். சோதிக்கிற இடத்திலை அப்பிடித்தான் சொன்னனாங்கள். பிறகு அவளை விசாரிக்கவெண்டு வீட்டை வந்தவை. அவளின்ரை ஏதும் இருக்கோ எண்டு கேட்டவை. ஒண்டுமில்லை எண்டுதான் சொன்னனான். நீ கேக்கவும் அதுதான் வாயிலை வந்தது. நீ ஆர், அவை ஆர் எண்டு யோசிக்கேல்லை."

"வேறை ஒரு கொப்பியும் இல்லையோ? போனிலை? பிரிண்ட் எடுத்து வைக்கேல்லையோ?"

பதிலை யதுர்ஷிகா சொன்னாள். "போனிலை வைக்க அம்மா விடேல்லை, அக்கா. போனைப் பறிச்சுப் பாப்பாங்கள் எண்டு பயம். அப்பா பெரிசாப் பிரிண்ட் எடுத்து பிரேம் போடுவம் எண்டவர். அதுக்கும் விடேல்லை. பிரேம் போட்டுச் சுவரிலை கொழுவினால் வாறவை மாலை போடச் சொல்லுவினமாம்."

உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு யார் மாலை போடுவார்கள்? இராசேஸ்வரியின் கணக்கில் தர்மிளா வரவேண்டியவள், வரப் பிந்தியவள். ஆகவே அவள் சுவருக்கு வரவில்லை. பெட்டிக்குள்ளேயே இருந்தாள். அந்தப் பெட்டியைத்தான் ஜெயரூபி துடைத்துக் கொடுத்திருந்தாள்.

"இனி இதுக்குக் கரண்ட் குடுக்கவேண்டாம்," என்றாள் ஜெயரூபி. "என்னட்டை விட்டுட்டுப் போங்கோ. அழிச்சது உடனை இல்லாமல் போகாது, அம்மா. மேலை வேறை ஒண்டு எழுதுப்படும் வரைக்கும் அடியிலை கிடக்கும். தேடிப் பாக்கிறன்."

"கிடைக்குமோ பிள்ளை?"

கிடைக்கும் என்று சொல்ல நாக்கு வந்தது. "தேடுறன்," என்றுமட்டும் சொன்னாள்.

அவர்கள் போனபிறகு கடைக் கதவை அரைவாசி சாத்திவிட்டு ஜெயரூபி அழுதாள். நான் கேட்டேன்தானே என்று தனக்குத்தானே வாதாடிப் பார்த்தாள். வாதம் எடுபடவில்லை. ஒரு நிமிடம் உள்ளே பார்த்திருந்தால் போதும், ஒரேயொரு நிமிடம். பார்க்காமல் விடுவதுதான் மரியாதை என்று இத்தனை வருடம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தவள் அவள். தர்மிளா இருந்திருந்தால் இப்போது கிட்டத்தட்டத் தன்னுடைய வயதுதான் என்பதும் அப்போதுதான் உறைத்தது.

முகத்தைக் கழுவிக்கொண்டு வேலையைத் தொடங்கினாள். அந்த ஹாட் டிஸ்க்கில் இனி ஒரு எழுத்தும் எழுதப்படக்கூடாது. அதை அச்சொட்டாக வேறொன்றில் பிரதி எடுத்து, பிரதியில்தான் தேடவேண்டும். அவ்வளவையும் கொள்ளக்கூடிய டிஸ்க் கடையில் ஒன்றுதான் இருந்தது. பதினொரு வருடம் சேர்த்த பொதிகள் இருந்த கறுப்பு டிஸ்க். யோசிக்காமல் அதை அழித்தாள். பிரதி எடுத்து முடிய அன்றைய நாள் முடிந்தது.

தேடித் தரும் மென்பொருள் ஒன்று அவளுடைய மடிக்கணினியில் ஏற்கெனவே இருந்தது. அது பழைய பதிப்பு. கதிர்காமநாதன் வீடியோ வெட்டப் பாவித்த மென்பொருளின் கோப்பு வகை அதற்குத் தெரியாது. புதிய பதிப்புக்குத் தெரியும். ஆனால் அது பொதியாக இல்லை, மூலநிரலாகத்தான் இருந்தது. பொதி என்றால் கடையில் பைக்கற்றில் வாங்கும் தூள், வெட்டிக் கொட்டினால் சரி. மூலநிரல் என்றால் செத்தல் மிளகாயும் மல்லியும் வாங்கி, காயவைத்து, வறுத்து, நாமே இடித்தெடுப்பது. ஒன்று குறைந்தாலும் தூள் ஆகாது. அவள் கட்டளையைக் கொடுத்ததும் திரையில் வரிகள் ஓடின. இருக்கிறதா, இருக்கிறது, இருக்கிறதா, இருக்கிறது என்று தனக்குத் தேவையானதை ஒவ்வொன்றாகக் கணினி பார்த்துக்கொண்டு போய், ஓரிடத்தில் இல்லை என்று நின்றது. ஒரு சின்ன நிரலகம், அதாவது மற்ற நிரல்களுக்குத் துணைபோகும் பொதி, குறைகிறது. அது எங்கே இருந்தது? நேற்றைக்கு அழித்த கறுப்பு டிஸ்க்கில் இருந்தது. ஜெயரூபிக்குச் சிரிப்புக்கூட வந்தது. அந்தச் சிரிப்பைப் பார்க்க ஆள் இல்லாதது நல்லது.

அந்தக் கிழமை கார்த்திகை மழை இறுக்கிப் பிடித்திருந்தது. சந்தியிலிருந்த போன் கோபுரம் வேலை செய்வதும் படுப்பதுமாக இருந்தது. போனில் இறக்கினால் பாதியில் அறுந்தது. மூன்றுதரம் பார்த்துவிட்டு, மடிக்கணினியைப் பொலித்தீனில் சுற்றிக்கொண்டு வவுனியா பஸ் ஏறினாள். புளியங்குளம் தாண்டும்வரை நின்றுகொண்டுதான் போனாள்.

நாஸிம் நானா அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு வழக்கமான பகிடியை விழுங்கினார். கதை முழுக்கக் கேட்டார். வந்த வாடிக்கையாளரைப் பிறகு வரச் சொல்லி அனுப்பிவிட்டு, கடையின் ஒரே நல்ல இணைப்பை அவளுக்குக் கொடுத்தார்.

"நம்ம வீட்டிலயும் வாப்பாட படம் ஒண்டும் இல்ல," என்றார், தேத்தண்ணியை வைத்துக்கொண்டே. "தொண்ணூறில போட்டது போட்டபடி வந்த. அடையாள அட்டைப் படம் ஒண்டுதான். அதுவும் முகம் அழிஞ்சுபோச்சு. உங்களால ஏலும் ஜெயரூபி, செஞ்சு பாருங்க. கிடைக்கிறது அல்லாட கையில."

குறைந்த நிரலகம் வந்தது. அது இன்னொன்றைக் கேட்டது. அதுவும் வந்தது. பதிப்பு பொருந்தவில்லை என்று மூலநிரல் மறுபடி முரண்டு பிடித்தது. பழைய பதிப்பைத் தேடிப் பிடித்து, அதையும் மூலத்திலிருந்தே கட்டினாள். மத்தியானம் திரும்பியபோது, எழுநூறு எண்ணூறு வரி ஓடி முடிந்து, பிழை ஒன்றும் இல்லாமல் கட்டளைக்குறி அமைதியாக வந்து நின்றது. வேறொரு நாளாக இருந்தால் அவள் கைதட்டியிருப்பாள்.

மாங்குளத்துக்குத் திரும்பி, பிரதியில் தேடவிட்டாள், முடிய முப்பத்தொரு மணித்தியாலம் எடுத்தது. கடையில் மற்ற வேலைகளைச் செய்துகொண்டே ஓரக்கண்ணால் எண்ணிக்கையைப் பார்த்தாள். ஆயிரம், ஐயாயிரம், இருபதாயிரம். எண் ஏற ஏற நெஞ்சும் கொஞ்சம் ஏறியது. இவ்வளவு கிடைக்கிறதே, அந்தப் பிள்ளை இதற்குள் இல்லாமலா போய்விடுவாள் என்று நினைத்தாள். முடிந்ததும் இருந்து ஒவ்வொன்றாகத் திறந்தாள். இந்த முறை பார்க்காமல் விடுவது என்ற பேச்சே இல்லை.

எல்லாம் அவளே போட்டவை. பொதிகளோடு வந்த சின்னச் சின்ன அடையாளப் படங்கள். பிறகு கலைக்களஞ்சியத்தின் படங்கள். எல்லா நாட்டுக் கொடியும் வந்தது. ராசாக்கள், விஞ்ஞானிகள், கிரிக்கெட்காரர், பெயர் தெரியாத பறவைகள் வந்தன. உலகத்து முகமெல்லாம் வந்துகொண்டிருந்தது, தர்மிளாவின் முகம் வரவில்லை. யதுர்ஷிகா கேட்டாளே என்று ஆசை ஆசையாக அள்ளிப் போட்ட ஒவ்வொன்றும் அந்தப் பிள்ளையின் மேல்தான் போய் விழுந்திருக்கிறது. பைத்தனை மட்டும் போட்டுக் கொடுத்திருந்தால் அரைவாசிக்கு மேல் தப்பியிருக்கும். கொஞ்சம் கஞ்சத்தனம் பிடித்தவளாக இருந்திருக்கலாமே என்று தன்னையே ஏசினாள்.

மூன்றாம் நாள் காலை, முப்பத்திரண்டாயிரத்துச் சொச்சமாவது கோப்பில் ஒரு கலியாண மண்டபம் வந்தது.

அவள் உடனே முத்தையன்கட்டுக்குப் போன் எடுத்தாள். என்ன கிடைத்தது என்பதைப் போனில் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. வாருங்கள் என்று மட்டும் சொன்னாள். அதுவும் ஒரு பிழைதான். அந்த ஒன்றரை மணி நேரமும் தாய் என்னென்ன நினைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாளோ.

இருவரும் வந்து கதிரையில் இருந்தார்கள். இராசேஸ்வரி தலை வாரி, நெற்றிக்கு விபூதி பூசி, நல்ல சேலை உடுத்தி வந்திருந்தாள்.

"அம்மா, வீடியோ கிடைக்கேல்லை. மூண்டு படத்திலை ஒண்டுதான் கிடைச்சது. அதுவும் முழுசா இல்லை," என்றாள் ஜெயரூபி. "மேல் பக்கம் மட்டும் இருக்கு. மிச்சத்துக்கு மேலை வேறை எழுதுப்பட்டிட்டுது. நான் போட்டதுதான் எழுதுப்பட்டது. என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

படத்தைத் திறந்தாள்.

மேலே மண்டபத்துக் கூரை, கடதாசிப் பூச்சோடனை, வாழை மரத்தின் குருத்து. அதற்குக் கீழே ஒரு பெட்டையின் தலை. எண்ணெய் வைத்து இழுத்து வாரிய கறுத்த தலைமயிர், கோணல் உச்சி, ஒரு பக்கம் எட்டிப் பார்க்கும் கனகாம்பரம். பிறகு நெற்றி. நெற்றியின் நடுவில் பொட்டின் மேல் விளிம்பு. அதோடு சரி. அதற்குக் கீழே திரை முழுவதும் ஒரே சாம்பல்.

"அவள்தான்," என்றாள் இராசேஸ்வரி. எழுந்து திரைக்குக் கிட்ட வந்தாள். "அவள்தான் பிள்ளை. நேர் உச்சி பிரிக்கமாட்டாள். எத்தினை தரம் சொன்னாலும் கோணல்தான். இந்தப் பூ நான்தான் வச்சு விட்டனான்." அவள் சிரித்தாள். கிடைத்ததில் அவளுக்கு உண்மையாகவே சந்தோசம் இருந்தது.

"மிச்சம் இல்லாட்டிலும் பறவாயில்லை. எனக்குத் தெரியாதோ என்ரை பிள்ளையை? இந்தா, இதுக்குக் கீழை கண்," என்று சாம்பலில் விரலை வைத்தாள். "கண் அவரின்ரை கண். பெரிய கண். இதிலை மூக்கு. மூக்கு வந்து..."

விரல் அங்கேயே நின்றது. பிறகு திரும்பி யதுர்ஷிகாவின் முகத்தைப் பார்த்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள்.

"எனக்கு இவளின்ரை மூக்குத்தான் வருகுது," என்றாள் மெதுவாக. "வாயும் இவளின்ரைதான் வருகுது. அவளின்ரை வருகுதில்லை."

"அம்மா," என்று யதுர்ஷிகா எழுந்து அவளுடைய கையைப் பிடித்தாள்.

"ஒவ்வொரு நாளும் பாத்தனான் பிள்ளை, அவர் இருக்கும் மட்டும். பாத்தபடியால் ஞாபகம் வச்சிருக்கவேணும் எண்டு யோசிக்கேல்லை." இராசேஸ்வரி கதிரையில் இருந்துவிட்டாள். அவள் அழவில்லை. பெரிய பிழை செய்து பிடிபட்ட ஆளின் முகம்தான் அவளுக்கு இருந்தது. அழுதது மற்ற இருவரும்.

பிறகு இராசேஸ்வரி கேட்டாள்.

"இன்னொருக்கா ஓடவிட்டுப் பாப்பமோ? சில நேரம் முதல்தரம் தவறவிட்டிருக்கும்."

மென்பொருள் எதையும் தவறவிடவில்லை. முப்பத்தொரு மணித்தியாலமும் அது தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒரு துண்டு விடாமல் வாசித்துவிட்டது. நூறுதரம் ஓடவிட்டாலும் அதே கொடிகள், அதே பறவைகள், அதே நெற்றிதான் வரும். இது ஜெயரூபிக்கு நன்றாகத் தெரியும். ஏமாற்றக்கூடாது என்றும் தெரியும். இல்லை அம்மா, இனி ஒன்றும் இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

இராசேஸ்வரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓம் அம்மா," என்றாள் ஜெயரூபி. "விட்டுப் பாப்பம்."

கட்டளையை முதலிலிருந்து கொடுத்தாள். எண்ணிக்கை பூச்சியத்துக்குப் போய், ஒன்று, இரண்டு என்று ஏறத் தொடங்கியது. மூன்றரைக்கு முத்தையன்கட்டு பஸ் இருக்கிறது, இது முடிய நாளைக்கு இரவாகும் என்று எடுத்துச் சொன்னாள்.

"இவள் போகட்டும், நாளைக்குப் பள்ளிக்கூடம்," என்றாள் இராசேஸ்வரி, கதிரையைத் திரைக்குக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டே. "எனக்கென்ன வேலை. நான் இருந்து பாத்துக்கொள்ளுறன்."